குட்டியின் நிறம்: திருச்சியும் திருவரங்கமும் கண்ட குதிரைகள்

சென்ற அரையாண்டு விடுமுறையில் என் மகளைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அரங்கநாதர் கோயிலின் வெளிச்சுற்றில், ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே நிற்கும் சேஷராயர் மண்டபத்தைத்தான் அவளுக்குக் காட்ட விரும்பினேன். விசயநகர ஆட்சியின் கைவண்ணமான அந்த மண்டபத்தின் முகப்புத் தூண்களில், முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கின்றன. சேணமும் கடிவாளமும் பிடரியும் வீரனும் அவன் தாக்கும் வேங்கையும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"அத்தா, ராவுத்தர்னா குதிரையில போறவங்கன்னு நன்னி சொன்னாங்களே, அப்ப இதெல்லாம் நம்ம ஆளுங்களா?"

நான் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது: "இவ்வளவு குதிரை இருக்கே, ஒரு குட்டிகூட ஏன் இல்ல?"

முதல் கேள்விக்கு ஒருவாறு விடை உண்டு. இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்று அழைக்கும் அளவுக்கு இச்சொல் தமிழில் ஊறிய ஒன்று. திருச்சி, புதுக்கோட்டை, திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் இப்பெயரைத் தாங்கிய குடும்பங்கள் இன்றும் ஏராளம். தூண்களில் இருப்பவர்கள் நம் ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. கல்லில் அதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்தக் காலத்துத் தென்னகப் படைகளில் முஸ்லிம் குதிரை வீரர்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. நம் பெயரிலேயே குதிரை இருக்கிறது. நம் முன்னோரின் வணிகத்திலும் படையிலும் குதிரை இருக்கிறது. குட்டி எங்கே போயிற்று?

அன்பிற்குரிய வாசகர்களே, குதிரைக்குட்டி வளர்வதை அருகிருந்து கண்டவர்கள் இன்று நம்மில் மிகச் சிலரே. ஆகவே அந்த வளர்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

பெட்டைக்குதிரையின் சூல்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க முயல்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கத் தொடங்கிவிட வேண்டும். உடலுக்குப் பொருந்தாத நீண்ட கால்கள், சுருள் சுருளான குட்டை வால், பஞ்சு போன்ற மென்மயிர். அந்த மென்மயிரின் நிறத்தை நம்பி எவரும் பெயர் வைக்கக் கூடாது என்பர் குதிரை வளர்ப்போர். மூன்று நான்கு மாதத்தில் அது உதிர்கிறது. முதலில் கண்ணைச் சுற்றியும் மூக்கருகிலும் கொட்டும். உள்ளிருந்து வேறொரு நிறம் எட்டிப் பார்க்கும். கன்னங்கரேலென்று வளரப்போகும் குதிரை, பிறக்கும்போது பெரும்பாலும் எலியின் சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்பழுப்பு உடலும் கறுத்த கால்களும் கொண்டு வளரப்போகும் குதிரைக்கோ, பிறக்கும்போது கால்கள் வெளிறிக் கிடக்கும். மயிர் உதிர்ந்த பிறகே கருமை ஏறும். குட்டியின் கண்மணியில்கூடத் தொடக்கத்தில் ஒரு நீலச் சாயல் படர்ந்திருந்து, பின்னரே அது பழுப்பாகிறது.

இவை எல்லாவற்றிலும் வியப்பானது வெண்குதிரையின் கதை. நாம் தெருவில் காணும் வெண்குதிரைகளிற் பல வெள்ளையாகப் பிறந்தவை அல்ல. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுதோறும் நரைத்து, ஆறு முதல் பத்து வயதுக்குள் வெண்மையானவை. இடையில் சில ஆண்டுகள் உடலெங்கும் வட்ட வட்டமாகச் சாம்பல் புள்ளிகள் தோன்றும். அந்தப் பருவத்தில்தான் அக்குதிரை மிக அழகு என்பது என் எண்ணம். மயிர் வெளுத்தாலும் அடியில் தோல் கருமையாகவே இருக்கும். மூக்கையும் கண்ணோரத்தையும் பார்த்தால் தெரியும். பிறவியிலேயே வெள்ளையான குதிரைக்கு அங்கே தோல் இளஞ்சிவப்பு. நரைக்கும் குட்டியைப் பிறந்த சில வாரங்களிலேயே கண்டுபிடிக்கலாம்: கண்ணைச் சுற்றி, கண்ணாடி அணிந்ததுபோல், வெள்ளை மயிர்கள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும். அப்படிப்பட்ட குட்டிக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் நரைக்கும் இனமாக இருந்தே தீரும்.

2008ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர்கள் இதன் மரபணுக் காரணத்தைக் கண்டறிந்தனர். மரபணுவின் ஒரு சிறு துண்டு இருமுறை எழுதப்பட்டிருப்பதே இந்த நரைக்குக் காரணம். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள வெவ்வேறு இனக் குதிரைகளிலும் அதே துண்டு அதே இடத்தில் காணப்படுவதால், நரைக்கும் குதிரைகள் யாவும் தொன்மையான ஒரே குதிரையின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் கருதினர். அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. இக்குதிரைகளுக்கு முதுமையில் தோலில் கட்டிகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

அரபிகள் குதிரையின் நிறங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். கறுப்பு அத்ஹம், செம்பழுப்பு உடலும் கரும்பிடரியும் கொண்டது குமைத், முழுச் செந்நிறம் அஷ்கர், நரைத்து வெளுப்பது அஷ்ஹப். நெற்றியில் வெண்மையும் மேலுதட்டில் வெண்மையும் கொண்ட கறுப்புக் குதிரையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்ததாகத் திர்மிதியில் பதிவு உண்டு. குதிரைகளின் முன்நெற்றி மயிரோடு மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்துடைய நபிமொழியை நம்மில் பலர் அறிவோம். அதைவிட என் மனத்தைத் தொட்டது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ள ஒரு சிறு செய்தி: அண்ணலார் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது, குதிரைகள் குறித்துத் தமக்கு இரவில் கண்டிப்பு வந்ததாகச் சொன்னார்கள். நிறத்தைப் பாராட்டுவது எவருக்கும் எளிது. முகத்தைத் துடைப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை.

தமிழகத்திலும் குதிரையின் நிறமும் சுழியும் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நெற்றியில் எங்கே மயிர்ச்சுழி, மார்பில் எங்கே என்று பார்த்து, இது உடையவனுக்கு ஆகும், இது ஆகாது என்பர். அந்தச் சோதனையெல்லாம் விற்பனைக்கு நிற்கும் வளர்ந்த குதிரையிடம் செய்யப்பட்டது. ஏனெனில் குதிரை இங்கே வந்து இறங்கியதே வளர்ந்த பிறகுதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியன் பொருள் கொடுத்து அனுப்பியதும் கடற்கரையில் வந்திறங்கும் குதிரைகளை வாங்கத்தான். அந்தக் கதையின் களமான ஆவுடையார்கோயில் நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. இறைவனே குதிரை வணிகனாக வருவதாகச் சொல்லும் அளவுக்கு அந்த வணிகம் இந்நாட்டு மக்களின் கற்பனையில் இடம்பெற்றிருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வணிகம் உச்சத்தை எட்டியது. சோழ மண்டலக் கரையை அரபிகள் மஅபர் என்று அழைத்தனர். திருச்சியும் திருவரங்கமும் அப்போது பாண்டியரின் ஆட்சியில் இருந்தன. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சர். இந்த இரு முஸ்லிம் பெருந்தகைகளின் வழியாக நடந்த குதிரை வாணிபத்தை ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பாரசீக மொழியில் எழுதி வைத்துள்ளார். ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகள் ஆண்டுக்கு 1,400. கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய துறைகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபருக்கும் அண்டைத் துறைமுகங்களுக்கும் வந்ததாக அவர் கணக்கு. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் வணிகத்தின் பருமனை அது காட்டுகிறது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வழியில் இறந்துபோன குதிரைக்கும் மன்னரின் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டுவிடும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதியது இன்னும் கசப்பானது. மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வளவே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை. பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை மருத்துவர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தால்தான் மறு ஆண்டும் விற்க முடியும் அல்லவா?

குட்டிகளைப் பற்றியும் அவர் சொல்கிறார். உயர்ந்த ஆண்குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் இந்நாட்டில் பிறப்பது கால் கோணிய, ஏறுதற்கு உதவாத சிறு குட்டியே என்பது அவர் கூற்று. என் மகளின் கேள்விக்கு எழுநூறு ஆண்டுக்கு முந்தைய விடை இது: குட்டி உருப்படுவதில்லை.

இதை மண்ணின் மீதும் வெயிலின் மீதும் பழியாகப் போடுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தக் குதிரைகள் என்ன உண்டன என்பதையும் அவ்விருவருமே எழுதியிருக்கின்றனர். மார்க்கோ போலோ சோற்றோடு வேகவைத்த இறைச்சி என்கிறார். வஸ்ஸாஃப், நெய்யில் வறுத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் என்கிறார். வந்திறங்கிய குதிரையை நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்து, பயிற்சியே இல்லாமல் ஓட்டிச் சீரழித்தனர் என்பதும் வஸ்ஸாஃபின் செய்தி. அவர் கேள்விப்பட்டு எழுதியவர். கொஞ்சம் கதையும் கலந்திருக்கும். ஆயினும் குதிரை புல் தின்னும் உயிர். அரிசியும் தவிடும் மட்டும் தின்றால் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்து எலும்பு வலுவிழக்கும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. வளரும் குட்டியின் கால் கோணுவதற்கு அதுவே போதும். நம் மண்ணில் விளையும் கொள்ளும் அறுகம்புல்லும் அருகிலேயே இருந்தன. எதை எவ்வளவு கொடுப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டிய அவசியந்தான் எவருக்கும் நேரவில்லை. வாங்குபவருக்கு அடுத்த கப்பல் வரும்; விற்பவருக்கு இறந்த குதிரைக்கும் பணம் வரும்.

நம் சமுதாயத்துக் கட்டுரைகளில் இந்த வணிகத்தைப் பெருமையோடு குறிப்பிடுவோம். காயல் துறையும் மஅபரின் செல்வமும் முஸ்லிம் அமைச்சரும் பெருமைக்குரியவையே. ஆனால் மருத்துவரை வர விடாத வணிகர்களும் அதே வணிகத்தில் இருந்தனர் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கும்போது, அந்த வரியைத் தாண்டிக் குதித்துப் போவது நேர்மையாகாது. மார்க்கோ போலோ வணிகக் குடும்பத்தவர். போட்டியாளர்களைப் பற்றிப் பொறாமையால் எழுதியிருக்கக்கூடும் என்று வாதிடலாம். நானும் சில நாள் அப்படி எண்ணிப் பார்த்தேன். வஸ்ஸாஃப் சொல்லும் அந்த ஒப்பந்த நிபந்தனையோ, நம்மவர் ஒருவரே எழுதியது.

அடுத்த நூற்றாண்டில் குதிரை நம் ஊருக்கு மிக அருகே ஒரு போரின் போக்கை மாற்றியது. திருவரங்கத்துக்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரை சுல்தானின் கோட்டைப்படை இருந்தது. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் அதை முற்றுகையிட்டார். 1342ஆம் ஆண்டையொட்டி நடந்த இந்நிகழ்ச்சியைச் சிறிது காலத்தில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா எழுதியுள்ளார். அவர் குப்பான் என்று குறிக்கும் இடம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. வல்லாளரின் படை நண்பகல் ஓய்வில் இருந்தது. குதிரைகளை மேய அவிழ்த்து விட்டிருந்தனர். சுல்தான் கியாசுத்தீனின் சிறு படை அந்த நேரத்தில் பாய்ந்தது. வந்தவர்கள் திருடர்கள் என்று எண்ணிப் பெரும்படை குழம்பிச் சிதறியது. வென்ற பிறகு சுல்தான் முதிய வல்லாளரைக் கொன்று நடத்திய கொடுமையையும், அவர் ஆட்சியில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதையும் இப்னு பதூதா மறைக்கவில்லை. வெறுப்போடு பதிவு செய்தார். அவர் சுல்தானுக்கு நெருங்கிய உறவினர் என்பதை நினைத்தால் அந்தத் துணிவு பெரிது.

விசயநகரம் எழுந்த பிறகும் குதிரை கடல் வழியேதான் வந்தது; முதலில் அரபு வணிகர் கையில், பின்னர்ப் போர்த்துக்கேயர் பிடியில். பதினாறாம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த நூனிஸ் என்னும் போர்த்துக்கேயர், சாளுவ நரசிம்மரின் காலத்தைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். ஹுர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து வரும் குதிரைகளை அம்மன்னர் உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் வாங்கிக்கொண்டார். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை கிடைத்துவிடும்.

வஸ்ஸாஃபின் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிபந்தனை. குதிரையின் பிடரியையும் வாலையும் வெட்டாதீர்கள், வால் அதற்கு ஈயோட்டி, பிடரி அதற்குக் கதகதப்பு என்னும் பொருளில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. அந்த வால், இங்கே வெட்டப்பட்டு விலைச்சீட்டாக மாறியிருந்தது. சேஷராயர் மண்டபத்துத் தூண்கள் செதுக்கப்பட்டதும் இந்தக் குதிரைகளின் காலத்தில்தான். சிற்பி பார்த்தவை கப்பலில் வந்து இறங்கிய முழுவளர்ச்சிக் குதிரைகள். அவற்றின் பாய்ச்சலையும் தசையையும் விடைத்த மூக்கையும் அவன் வியந்து செதுக்கினான். குட்டியை அவன் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு.

பின்னர் இரு நூற்றாண்டு கழித்துத் திருச்சிக் கோட்டையைச் சுற்றியே பெரும்போர் நடந்தது. 1751, 1752ஆம் ஆண்டுகளில் கோட்டைக்குள் நவாப் முஹம்மது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலேயரும். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் நஞ்சராஜரின் மைசூர்ப் படையும் முஹம்மது அலியின் உதவிக்கு வந்தன. அந்த மைசூர்ப் படையில் இருந்த ஒரு தளபதிதான் பிற்காலத்து ஹைதர் அலி. பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கி, 1752 ஜூன் மாதத்தில் அங்கேயே சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டு, திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை எதிர்த்து நின்ற முஹம்மது அலி வாலாஜாவும் 1795இல் சென்னையில் காலமான பிறகு அதே தர்காவுக்கே கொண்டுவரப்பட்டார். எதிரிகள் இருவர் இன்று ஒரே வளாகத்தில் துயில்கின்றனர். தர்காவுக்குச் செல்லும் நம் குடும்பத்தார் பலருக்கு இது தெரிவதில்லை.

அந்தக் காலத்துக் குதிரை வீரர்களில் இருவகையினர் உண்டு. அரசின் அல்லது பிறரின் குதிரையில் ஏறிச் சண்டையிடுபவர் பார்கீர். தம் சொந்தக் குதிரையோடு படையில் சேர்ந்து, குதிரைக்கும் தமக்குமாகச் சேர்த்து ஊதியம் பெறுபவர் சில்லாதார். சில்லாதாரின் குதிரை குண்டடிபட்டு விழுந்தால் அவருடைய முதலும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. இந்நாட்டுக் குதிரை வீரர்கள் பீரங்கியின் எதிரே பாயத் தயங்குகின்றனர் என்று வெள்ளையர் இகழ்ந்து எழுதினர். தன் வீட்டு அடுப்பையே பீரங்கியின் முன் கொண்டுபோய் நிறுத்த எவர்தாம் தயங்கமாட்டார்?

பாண்டியரின் லாயத்தையும் சில்லாதாரின் கொட்டிலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் குதிரை இறந்தால் வணிகருக்கு நட்டமில்லை, மன்னருக்கும் பெரிதாகத் தெரியாது. பின்னதில் குதிரை இருமினாலே வீட்டில் உறக்கம் போய்விடும். குதிரையின் குணத்தை அறிந்தவர்கள் பின்னவர்கள்தாம். எந்தக் காதை எப்போது மடிக்கும், எந்தப் பக்கம் தொட்டால் கூசும், எந்த ஒலிக்கு மிரளும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இராவுத்தர் என்னும் பெயரை நான் இவர்களோடு சேர்த்தே நினைக்க விரும்புகிறேன். தூணில் இருக்கும் வீரனோடு அல்ல.

குணமும் நிறத்தைப் போலவே மெல்ல வெளிப்படுவது. குட்டி முதல் நாட்களில் தாயின் விலாவை விட்டு விலகாது. பெரிய குதிரை அருகே வந்தால், தன்னை ஒன்றும் செய்துவிடாதே என்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடிக்காட்டும். சில வாரங்களில் துணிவு வரும். தாயைச் சுற்றி ஓடும், எட்டி உதைக்கும், மனிதரின் உடையைக் கடித்து இழுக்கும். பிரான்சு நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், குட்டி பிறந்த முதல் ஐந்து நாளும் ஆய்வாளர்கள் குட்டியைத் தொடவே இல்லை; தாய்க்குதிரையை மட்டும் நாள்தோறும் சிறிது நேரம் மெல்லத் துலக்கி விட்டனர். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த குட்டிகள், பின்னாளில் மனிதரிடம் அச்சமின்றி நெருங்கின. முதுகில் துணி போடுவதையும் எளிதில் ஏற்றன. தாய் யாரை நம்புகிறதோ அவரைக் குட்டியும் நம்புகிறது. கப்பலில் வந்திறங்கிய குதிரைக்கு இந்த முன்கதை எதுவுமே இங்கே எவருக்கும் தெரியாது.

கம்பெனி ஆட்சியில்தான் தமிழகத்தில் குட்டி வளர்ப்பு பெரிய அளவில் தொடங்கியது. படைக்குக் குதிரை வளர்க்க 1824ஆம் ஆண்டு ஓசூரை அடுத்த மத்திகிரியில் பண்ணை அமைத்தனர். அது இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. அப்போதும் தேவை தீரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வேலர் என்னும் குதிரைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. இவையெல்லாம் படைக்கும் பெரிய மனிதரின் கோச்சு வண்டிக்கும். ஏழையின் குதிரை வேறு. ஜட்கா இழுக்கும் மட்டக்குதிரை. அதற்கு ஏட்டில் பெயரில்லை, வம்சாவளி இல்லை. ஆனால் அது குட்டி போட்டது, குட்டி பிழைத்தது.

என் தாய்வழிப் பாட்டனார், நாங்கள் நன்னா என்று அழைப்போம், திருச்சியில் ஜட்கா ஓட்டியவர். சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் வரை சவாரி. வைகுண்ட ஏகாதசி நாட்களில் இரவு முழுதும் வண்டி ஓடும். பஜ்ருத் தொழுகைக்கு வீடு திரும்புவார். அவருடைய வெள்ளைப் பெட்டைக்குதிரை ஐம்பதுகளின் இறுதியில் ஓர் ஆண்குட்டி ஈன்றது. சேற்றில் புரண்டெழுந்தது போன்ற கருநிறம். நன்னி அதைப் பார்த்தவுடன் கறுப்பன் என்று பெயர் வைத்துவிட்டார். வண்டியில் பூட்டிய தாயின் பக்கவாட்டில் ஓடியே கறுப்பன் ஊரைக் கற்றது. மணியோசை, லாரியின் இரைச்சல், பாலத்தின் கீழே ஓடும் நீர் என எதற்கும் அஞ்சவில்லை. கொட்டுமேளம் ஒன்றைத் தவிர.

குட்டிக்கு ஏழெட்டு மாதமானபோது டெல்டாப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஆளனுப்பினார். அவருடைய கோச்சு வண்டிக்கு ஒரு கறுப்புக் குட்டி இருந்தது. அதற்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். மென்மயிர் உதிர்ந்து கறுப்பன் அப்போது மையைப் பூசியதுபோல் மின்னியது. அவர்கள் சொன்ன விலை, கொள்ளுக் கடைக் கடனையும் வீட்டு வாடகைப் பாக்கியையும் தீர்த்து மீதமும் இருக்கும் விலை. என் அம்மா அப்போது நன்னியின் வயிற்றில்.

நன்னா குட்டியின் தலையைத் தம் பக்கம் திருப்பி, கண்ணோரத்து மயிரை விரலால் பிரித்துக் காட்டினாராம். உள்ளே வெள்ளை மயிர்கள். "இது கறுப்பா நிக்காதுங்க. தாய் மாதிரி வெளுத்துப் போயிடும். அஞ்சாறு வருசத்துல உங்க ஜோடி பிரிஞ்சிடும்" என்றார். வந்தவர் நம்பவில்லை, விலையை ஏற்றக் கேட்கும் தந்திரம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நன்னா மீண்டும் அதையே சொன்னார். வந்தவர் போய்விட்டார்.

விற்பவர் பொருளின் குறையை மறைக்கக் கூடாது, இருவரும் உண்மை பேசினால் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டு என்ற கருத்து நபிமொழிகளில் உண்டு. ஜுமுஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நன்னி அதை மறுக்கவில்லை. ஆனால் அது குறையே அல்ல, குட்டி அன்று கறுப்பாகத்தானே இருந்தது, ஆறு வருடம் கழித்து நடப்பதை யார் அறிவார் என்று கடைசிக் காலம்வரை வாதிட்டுக்கொண்டே இருந்தார். கடன் அடையப் பின்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. அந்த மூன்று ஆண்டில் வீட்டில் என்னென்ன விற்கப்பட்டன என்ற பட்டியல் நன்னியிடம் இருந்தது. அவருடைய வாதத்துக்கு என்னிடம் இன்றும் முழுமையான மறுமொழி இல்லை.

கறுப்பன் நான்கு வயதில் சாம்பலாகி, உடலெங்கும் வட்டப் புள்ளி பூத்து, எட்டு வயதில் தாயைப் போலவே வெளுத்துப்போயிற்று. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக்குதிரை வேண்டுமென்று சிலர் கேட்டு வந்தனர். கொட்டுச் சத்தத்துக்கு அது மிரளும் என்று நன்னா அனுப்பவில்லை. அதற்கும் நன்னியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சேஷராயர் மண்டபத்திலிருந்து வீடு திரும்பிய அன்று இரவு, பழைய பெட்டியிலிருந்து ஒரு நிழற்படத்தை எடுத்து மகளிடம் காட்டினேன். ஜட்காவின் முன்னால் நன்னா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; பக்கத்தில் பால்போல் வெண்மையான குதிரை. படத்தின் பின்புறம், யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருப்பார் நன்னி, நீல மையில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: அவுகளும் கறுப்பனும்.